வெள்ளைச் சட்டைத் தம்பிமாரின் ஒரு கிழமை

கொழும்பு வெள்ளவத்தையில் வெள்ளைச் சட்டையும் டையுமாக, முதுகில் பையோடு இரண்டு பெடியள் காலி வீதியைக் கடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவர்களாக்கும், லீசிங் கொம்பனி ஆட்களாக்கும் என்று விட்டுவிடுவார்கள். அதில் ஒருவன் ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரன் என்றால்தான் கொஞ்சம் குழப்பம். எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு அப்படி இரண்டு பேர் வாடகைக்கு வந்தபோது, வாசலில் இருக்கிற செக்கியூரிட்டி ஐயா “கிரிக்கெட் கோச்மார்” என்று அடித்துச் சொன்னார். லிஃப்டுக்குள் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப்பட்டியை வாசித்துப் பார்த்தேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அதாவது மோர்மன்கள்.

அவர்களுடைய கொள்கையை விளக்க எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு பார்த்ததில், அந்தப் பெடியளின் கிழமை எப்படிப் போகிறது என்று எழுதத்தான் வந்தேன். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை. தங்கத் தகடுகளில் இருந்ததை மொழிபெயர்த்ததாகச் சொல்லி மோர்மன் புத்தகத்தை அச்சிட்டார். 1844இல் ஒரு கும்பல் அவரைச் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. 1847இல் பிரிகம் யங் மிச்சப் பேரைக் கூட்டிக்கொண்டு யூட்டா பாலைநிலத்துக்குப் போனார். இன்றைக்குச் சபையின் கணக்குப்படி உலகம் முழுக்க 1 கோடி 70 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்கள். இவ்வளவு பெருகியதற்கு ஒரு முக்கிய காரணம் இந்தப் பெடியள்தான். ஆண் பிள்ளைகள் இரண்டு வருசம், போக விரும்பும் பெண் பிள்ளைகள் பதினெட்டு மாதம், அனுப்புகிற ஊருக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும். முன்பு பெடியளுக்கு 19 வயதாக வேண்டும். 2012இல் அதை 18 ஆக்கினார்கள்.

பெயர் எதற்கு? ஒருவன் யூட்டாக்காரன், நெட்டையன். மற்றவன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன், அவனுக்கு வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரிவு செய்யவில்லை. மேலிடம் சோடி சேர்த்துவிடும். ஆறு கிழமைக்கு ஒரு தடவை சோடி மாறலாம், ஊர் மாறலாம். சோடியை விட்டுத் தனியே எங்கும் போகக்கூடாது. தலைமயிர் வெட்டக்கூடச் சேர்ந்துதான். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற சலூனில் நெட்டையன் கழுத்தில் துணியோடு இருக்க, ஹட்டன்காரன் பழைய வீரகேசரி ஒன்றை விரித்துக்கொண்டு வாங்கில் காத்திருப்பான். பிறகு இடம் மாறுவார்கள். இரண்டு தலையும் ஒரே மாதிரி வெட்டுப்படும். சலூன்காரருக்கு அதில் ஒரு பெருமை.

காலமை 6:30க்கு எழும்ப வேண்டும், இரவு 10:30க்குப் படுக்க வேண்டும். படம் இல்லை, காதல் இல்லை. சம்பளமும் இல்லை. அதற்கும் மேலே, செலவை அவர்கள் குடும்பமே கொடுக்கிறது. அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 400 டொலராக இருந்தது, 2020 நடுப்பகுதியிலிருந்து 500. வசதி குறைந்த நாட்டுக்காரருக்குத் தொகை குறைவு. இதைக் கேட்டதும் என் அம்மா “காசையும் குடுத்து வேலையையும் செய்யிறியளோ?” என்றா. நெட்டையனுக்குக் கேள்வி முழுதாக விளங்கவில்லை. ஹட்டன்காரனுக்கு நன்றாக விளங்கியது. தரையைப் பார்த்துச் சிரித்தான்.

அவர்களுடைய கிழமை தொடங்குவது திங்களில். அன்றைக்குத்தான் ஓய்வு, அதுவும் பின்னேரம் வரைக்கும். கடல்பக்கத்து பால்கனியில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காயும். மரீன் டிரைவ் உப்புக்காற்றுக்கு வெள்ளைத் துணி என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கொலரில் படிகிற வியர்வைக் கோடு சன்லைட் கட்டி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவன்கள் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பார்கள். பிறகு மார்க்கெட்டுக்குப் போய் மரக்கறி வாங்கி, ஒரு கிழமைக்கான பருப்பையும் அரிசியையும் முதுகுப்பையில் கொண்டுவருவார்கள்.

திங்கள்தான் அம்மாமாருடன் கதைக்கிற நாளும். இது 2019 பெப்ரவரியில் வந்த மாற்றம். அதற்கு முன்பு கிழமைக்கொரு ஈமெயில்தான். குரலைக் கேட்பது வருசத்துக்கு இரண்டே தடவை, நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும். இதை நெட்டையன் ஏதோ பழங்காலக் கதை போலச் சொன்னான். எங்கள் தளத்தில் இருக்கிற ஆன்ரிமாருக்கு அது பழங்கதையே இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதினெட்டு வயதில் பிள்ளையைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் ஏற்றி அனுப்பிவிட்டு, காலி வீதிக் கொமினிகேஷன் கடைகளில் ஒரு கோலுக்காக மணிக்கணக்கில் குந்தியிருந்தவர்கள் அவர்கள். மதத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்க முன்பே இந்தப் பெடியள் மேல் அவர்களுக்கு ஒரு இரக்கம் வந்துவிட்டது. சாப்பிட்டியளோ, அம்மா என்ன செய்யிறா, எப்ப திரும்பிப் போவியள். நெட்டையன் முதலில் சரளமாகப் படித்த தமிழே இந்த மூன்று கேள்விக்கான பதில்கள்தான்.

யூட்டாவில் ஞாயிறு இரவாக இருக்கும்போது இங்கே திங்கள் காலமை. ஆகவே நெட்டையனின் கோல் காலமையே முடிந்துவிடும். ஹட்டன்காரன் பின்னேரம் வரை பார்த்திருக்க வேண்டும். அவனுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, லயத்துக்கு வந்தபிறகுதான் போனை எடுப்பா. சிலவேளை சிக்னல் இராது.

தேத்தண்ணிக் கதை இங்கேதான் வருகிறது. 1833இல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாகச் சொல்லும் ஒரு வெளிப்பாட்டின்படி சாராயம், புகையிலை, ‘சூடான பானங்கள்’ மூன்றும் ஆகாது. சூடான பானம் என்றால் தேத்தண்ணியும் கோப்பியும் என்று பிறகு தீர்மானித்தார்கள். கிரீன் ரீயும் அதே இலைதான், ஆகவே அதுவும் கூடாது என்று 2019இல் சபையின் இளைஞர் சஞ்சிகை திரும்பவும் சொன்னது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட நாளிலிருந்து இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கையில் வருவது என்ன?

முதல் நாளே அம்மா அவர்களைக் கூப்பிட்டு இருத்திவிட்டா. தட்டில் பால்தேத்தண்ணி வந்தது. நெட்டையன் நெஞ்சில் கைவைத்து, பயிற்சியில் படித்த புத்தகத் தமிழில் “நாங்கள் தேநீர் அருந்துவதில்லை அம்மா” என்றான். அம்மாவின் முகம் ஒரு கணம் கறுத்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும், ஒரு வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்புவது சின்ன விஷயமில்லை. யார் வீட்டில் யார் வாய் நனைப்பார்கள், யார் நனைக்கமாட்டார்கள் என்பதில் ஊரின் சாதிக் கணக்கு முழுக்க இருந்தது. எந்தச் செம்பில் கொடுப்பது என்பதிலும் இருந்தது. இந்தப் பெடியனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? ஹட்டன்காரனுக்குத் தெரியும். அவன்தான் முந்திக்கொண்டு, “அம்மா, கொத்தமல்லி இருந்தா குடுங்க, ரெண்டு பேரும் குடிப்போம்” என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டுப்பாடில்லாமல் இருக்கின்றன.

கொட்டாஞ்சேனையில் இது இன்னும் சிக்கல் என்று அவன் சொன்னான். அங்கே அவர்கள் போகிற வீடுகளில் பாதிப் பேர் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள். பிளேன்ரீ ஊற்றி, பக்கத்தில் சீனி வைத்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் குடிக்க மாட்டாயா என்று கேட்பார்கள். அவன் சபையில் சேர்ந்து தேத்தண்ணியை விட்டபோது அவனுடைய சொந்த அம்மாவே “நான் பறிக்கிறத நீ குடிக்க மாட்டியோ?” என்று சிரித்தாவாம். சிரித்தா என்றுதான் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனை. காலி வீதியில் 155 மட்டக்குளி பஸ் பிடிப்பார்கள். செவ்வாய் என்றால் அந்த பஸ்ஸில் பாதிக் கூட்டம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற கூட்டம். கையில் மெழுகுதிரிப் பெட்டி, நெற்றியில் திருநீறு, பொட்டு. சிங்களப் பெண்களும் வெள்ளைச் சேலையில் இருப்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அந்தக் கோயிலிலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்து நாடு முழுக்க 260க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். திருத்திக் கட்டி இரண்டு மாதத்துக்குள் கதவைத் திறந்தபோது, செவ்வாய்க் கூட்டம் திரும்பவும் வந்தது. நானும் ஒருநாள் வேறு அலுவலாக அந்த பஸ்ஸில் அவர்களோடு போனேன். ஒரு அம்மா நெட்டையனின் பெயர்ப்பட்டியில் ‘இயேசு கிறிஸ்து’ என்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, இருக்கையை விட்டு எழும்பி அவனை இருக்கச் சொன்னா. சுவாமிக்கு மரியாதை. அவன் வெட்கத்தில் சிவந்துபோய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன்களின் உண்மையான கஷ்டம் இதுதான். கதவை முகத்தில் சாத்துகிற ஊர்களுக்கு அவர்களைத் தயார்படுத்தி அனுப்புகிறார்கள். எத்தனை பேர் ‘வேண்டாம்’ என்றாலும் மனம் தளரக்கூடாது என்று பயிற்சி. கொட்டாஞ்சேனையில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. “இயேசுவா? நம்ம சாமிதான் தம்பி, உள்ள வாங்க.” முருகன், பத்திரகாளி, அந்தோனியார், மடு மாதா வரிசையில் இன்னொரு படத்துக்கு ஆணி அடிக்க இடம் இருக்கிறது. மோர்மன் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாமித்தட்டில் வைத்துவிடுவார்கள், வாசிப்பதில்லை. வயிற்றுவலிக்கு ஜெபம் செய்யச் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தண்ணீருக்குள் முழுக்க முங்கி ஞானஸ்நானம் எடு என்கிற இடத்தில்தான் முகத்தில் ஒரு திகைப்பு வரும். விடவேண்டுமா? எதற்கு?

இத்தனைக்கும் அந்த ஊர் மதச்சண்டை பாராத ஊரில்லை. 1873 பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவர்களோடு வாதாடிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்தது கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவில். 1883 மார்ச் 25, அதுவும் ஒரு உயிர்த்த ஞாயிறு, அந்த விகாரைக்கு வந்த பெரகரா ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கலவரம் மூண்டது. அதற்கு மூன்று வருசம் முன்பு அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியிருந்த கர்னல் ஒல்கொட், பௌத்தர்களின் பக்கம் நின்று நியாயம் கேட்டு லண்டன் வரைக்கும் போனார். மதம் மாற்ற வந்த அமெரிக்கரையும் பார்த்திருக்கிறது, தானே பௌத்தத்துக்கு மாறிய அமெரிக்கரையும் பார்த்திருக்கிறது இந்த ஊர்.

வெள்ளவத்தைக் கதை வேறு. இங்கே வாதாடுவார்கள். பாதிரிமாரோடு வாதாடிய ஆறுமுக நாவலரின் பரம்பரை! கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரர் ஒருவர் இருக்கிறார். காலமையில் திருமுறை, பின்னேரத்தில் ராமகிருஷ்ண மிஷன் மண்டபம். புதன் இரவு அவரிடம் இரண்டு பேரும் போனார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். பிதாவாகிய தேவனுக்குச் சதையும் எலும்புமான உடல் உண்டு என்பது மோர்மன் கொள்கை. மற்றக் கிறிஸ்தவர்கள் அதைக் கேட்டால் துள்ளுவார்கள். மாஸ்ரர் துள்ளவில்லை. “சரி, உருவம் சொல்லிப் போட்டியள். அருவம், அருவுருவம் எங்கை?” என்றார். பிறக்க முன்பே ஆன்மா இருந்தது என்று ஹட்டன்காரன் சொன்னான். “அது ஆன்மா அநாதி எண்டு நாங்களும் சொல்லுறதுதானே.” செத்துப்போன முன்னோர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள், அதற்காகத்தான் உலகம் முழுக்க வம்சாவளிப் பதிவுகளைச் சேர்க்கிறார்கள் என்று நெட்டையன் சொன்னபோது மாஸ்ரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “திதி. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலை நாங்கள் செய்யிறதை நீங்கள் தொட்டியிலை செய்யிறியள். அப்ப தம்பி, நீங்கள் அரைவாசிச் சைவம். மிச்சத்தையும் நான் சொல்லித் தாறன், வியாழன் வாங்கோ.”

வெளியே வந்தபோது நெட்டையன் என்னைக் கேட்டான், அவர் எங்களை ஏற்றுக்கொண்டாரா, நிராகரித்தாரா? இரண்டும் இல்லை, உனக்குப் பாடம் எடுக்கப் போகிறார் என்றேன்.

வியாழனும் வெள்ளியும் போகிற வேகம் தெரிவதில்லை. காலமை ஒரு மணித்தியாலம் வேதம் வாசிப்பு, ஒரு மணித்தியாலம் தமிழ்ப் படிப்பு, பிறகு முன்பே சொல்லி வைத்த வீடுகள், அதில் பாதி கடைசி நேரத்தில் “இண்டைக்கு ஏலாது”. இடையில் யாருக்காவது உடம்பால் உதவி செய்வதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. லிஃப்ட் பழுதான அன்று தனியே இருக்கிற ஒரு ஐயா வீட்டுக்கு காஸ் சிலிண்டரை மாடிப்படியால் தூக்கிக் கொடுத்தது அவன்கள்தான். அந்த ஐயாவின் மூன்று பிள்ளைகளும் மெல்பேர்ணில்.

வழிப்போக்கில் கதவைத் தட்டிப் பிரசங்கம் பண்ணி நான் பார்த்ததில்லை. கூப்பிட்டால்தான் போவார்கள். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2003இல் மென்சிங்கன் கன்னியர் சபையைச் சட்டப்படி பதிவு செய்யும் மசோதா உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மதத்தைப் பின்பற்ற உரிமை உண்டு, பரப்புவதற்கு அரசியலமைப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற வகையில் தீர்ப்பு வந்தது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அது சரியில்லை என்றது. நடுவில் 2004இல் ஜாதிக ஹெல உறுமய பிக்குகள் கட்டாய மதமாற்றத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார்கள், அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று நீதிமன்றமே சொன்னது. மசோதா நிறைவேறவில்லை, ஆனால் பயம் போகவில்லை.

இந்தச் சபைக்கு எங்கள் பக்கம் புதிதுமல்ல. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் மதராசில் வந்திறங்கித் துண்டுப்பிரசுரம் அடித்துப் பார்த்தார். அதே வருசம் சியாமுக்கென்று புறப்பட்ட சோன்சி வெஸ்டும் பிராங்கிளின் டூயியும் இலங்கைக்கு வந்து, சீந்துவாரில்லாமல் பம்பாய்க்குக் கப்பலேறினார்கள். இவர்கள் புறப்படுவதற்கு முன்பு, 1852 ஓகஸ்டில், சபை பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்திருந்தது. போன இடமெல்லாம் அந்தக் கேள்வி முன்னாலே போய் நின்றது. 1890இல் சபை அதைக் கைவிட்டது. அம்மா நேற்றும் கேட்டா, “உங்கடை ஆக்களுக்கு எத்தினை பெண்சாதி?”

அம்மாவிடம் அவன்கள் தப்ப முடியாது. அவ உடுவில் மகளிர் கல்லூரிப் பிள்ளை. 1824இல் அமெரிக்க மிஷன்காரர் தொடங்கிய பள்ளிக்கூடம். விபூதி பூசிக்கொண்டு காலமை ஜெபத்தில் நின்று வளர்ந்தவ. மலைப்பிரசங்கம் மத்தேயுவில் எத்தனையாம் அதிகாரம் என்று நெட்டையன் போனில் தேட முன்பே “அஞ்சு” என்பா. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் வந்தால் வந்ததுதான். டானியல் பூவர் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தார், வட்டுக்கோட்டையில் செமினரி நடத்தினார், கொலரா கண்டு இங்கேயே செத்தார். டொக்டர் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழில் வைத்தியம் படிப்பித்தார். அம்மாவின் அளவுகோல் அது. ஆறு கிழமைக்கொருக்கால் ஊர் மாறினால் என்ன தமிழ் வரும் என்பது அவவின் முறைப்பாடு. அதில் எனக்கும் உடன்பாடுதான்.

என்னுடைய மனக்குறை வேறு. பட்டி ஒன்றுதான், பாரம் ஒன்றில்லை. நெட்டையன் இரண்டு வருசம் முடித்துப் போனால் பல்கலைக்கழகத்தில் இடம் காத்திருக்கிறது. தமிழ் பேசினேன், வெளிநாட்டில் இருந்தேன் என்பது அவனுக்கு வேலைக்கும் உதவும். ஹட்டன்காரன் வீட்டில் மூத்தவன். அவன் வயதுப் பெடியள் கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நின்று மாதம் தவறாமல் தோட்டத்துக்குக் காசு அனுப்புகிறார்கள். இரண்டு வருசச் சம்பளத்தை அவன் அம்மா விட்டுக்கொடுத்திருக்கிறா. நான் இதை அவனிடமே கேட்டேன். “அது என்னோட தசமபாகம் சார்” என்று சிரித்தான். பதில் எனக்குப் போதவில்லை. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்காத சபை இது என்பதையும் சொன்னேன். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதையும் நெட்டையனிடம் கேட்டிருக்கிறானாம். நெட்டையன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் விளங்கவில்லை என்றானாம்.

ஞாயிறு ஆராதனைக்கு ஒருமுறை போனேன். 2019இலிருந்து இரண்டு மணித்தியாலம்தான், முன்பு மூன்று. பாதிரியார் என்று சம்பளத்துக்கு யாரும் இல்லை. அன்று பேசியது ஒரு வங்கி ஊழியரும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியும். அப்பமும், வைனுக்குப் பதில் தண்ணீரும் சின்னச் சின்னக் கோப்பையில் வந்தன. சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூன்றும் மாறி மாறி ஓடின. எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் தன் தாயாரின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு ஆனதால் எல்லாரும் உபவாசம். இரண்டு நேரச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்கென்று போடுவார்கள். இந்த இடத்தை அம்மாவிடம் சொன்னபோது “விரதம் பிடிக்கினமோ?” என்று மதிப்பெண்ணைக் கூட்டினா. மோர்மன் புத்தகத்தையும் பாதி வரை வாசித்துப் பார்த்தேன். மார்க் ட்வெய்ன் 1872இலேயே அதைத் தூக்கமருந்து என்று நக்கலடித்திருந்தார். அவர் கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

போன கிழமை நெட்டையனுக்கு மாற்றல் வந்தது. சூட்கேசோடு வாசலில் நின்று, இந்த முறை புத்தகத் தமிழை விட்டு “போட்டு வாறன் அன்ரி” என்றான். அவனுக்குப் பதிலாக பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு கட்டைப் பெடியன் வந்திருக்கிறான். தமிழ் இன்னும் பத்துச் சொல் தேறாது. மாஸ்ரர் அவனுக்கும் வியாழன் இரவை ஒதுக்கிவிட்டார். அம்மா பரணிலிருந்து தன் உடுவில் காலத்து பைபிளை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்திருக்கிறா. ஹட்டன்காரன் அதைப் பார்த்துவிட்டான், புதியவனிடம் இன்னும் சொல்லவில்லை.